மொட்டு, பூ, காம்பு

கல்லூரியில் இயற்பியல் படித்த நாங்கள் தாவரவியல் வகுப்பைப் பார்த்துச் சிரிப்போம். அவர்கள் இலைகளைக் காய வைத்து ஒட்டிக்கொண்டு வருவார்கள், பூவைக் குறுக்கே வெட்டிப் படம் வரைவார்கள், வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் செய்வார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கையளவு விதிகள் போதும், நிலாவிலிருந்து கிணற்று வாளி வரைக்கும் எல்லாம் அவற்றுக்கு அடங்கி நடக்கும். அப்படி மிதப்பாக நடந்த நான் ஒரு தாவரவியல்காரியைப் பார்த்து ஏறக்குறைய இருபது வருடம் வயிறெரிந்திருக்கிறேன். இன்னும் முழுசாக அணைந்தபாடில்லை.

1993இல் அவளை முதலில் பார்த்தேன். விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே ஏ.சி. ஓடும். அது எங்களுக்காக ஓடவில்லை, மெஷின்களுக்காக ஓடியது. நான் விழுப்புரத்தை அடுத்த ஒரு ஊரிலிருந்து வருவேன். எங்கள் வீட்டில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் கரும்பும் போடுவார்கள். அவள் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா லாரி ஷெட்டில் மெக்கானிக். இரண்டு பேரும் பட்டம் வாங்கிய கையோடு டிப்ளமோவில் சேர்ந்திருந்தோம்.

முதல் மாதமே என் பொறாமைக்குத் தீனி கிடைத்துவிட்டது. மதிப்பெண்களைக் கூட்டி வகுப்பு பிரிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதச் சொன்னார் சார். நான் எழுதியது ஸ்கிரீனில் பாதிகூட நிரம்பவில்லை, அவ்வளவு கச்சிதம். அவளுடையது கண்டபடி கிளை விட்டு நீண்டு கிடந்தது. சார் வந்து வேண்டுமென்றே எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினார். என்னுடையது அப்படியே செத்து நின்றது. அவளுடையது “எண்ணை மட்டும் தட்டவும்” என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

“எண்ணு கேக்குற எடத்துல யாரு சார் எழுத்தைத் தட்டுவாங்க? தட்டக் கூடாது” என்றேன்.

“கூடாதுன்னு நீ சொன்னா மழ பெய்யாம இருந்துடுமாடி?” என்று அவள் சிரித்தாள். சாரும் சிரித்தார்.

அன்றைக்கு மனதுக்குள் ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. என்றைக்காவது ஒருநாள் இவள் என் ஸ்கிரீனைப் பார்த்து, “இது எனக்குத் தோணலையேடி” என்று சொல்ல வேண்டும். வேலை, சம்பளம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் அவள் என்னவோ நான் எதை எழுதிக் காட்டினாலும் “நல்லா இருக்குடி” என்பாள். புடவைக்கும் அதையேதான் சொல்வாள், கேன்டீன் வடைக்கும் அதையேதான் சொல்வாள். அந்த “நல்லா இருக்குடி”யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிப்ளமோ முடிந்ததும் சென்டர்காரர் எங்கள் இரண்டு பேரையுமே வேலைக்கு வைத்துக்கொண்டார். காலையில் வகுப்பு எடுப்போம், மத்தியானத்துக்கு மேல் கடைகளுக்கும் மில்லுக்கும் புரோகிராம் எழுதுவோம். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம் ஓடும். புரோகிராம் என்பது இயற்கை விதி மாதிரி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லா இடத்துக்கும் ஒரே விதி, ஆளுக்கு ஆள் சலுகை கிடையாது. மேலே எறிந்த கல் ஏழை எறிந்தாலும் பணக்காரன் எறிந்தாலும் கீழேதான் வரும். ஒரு புரோகிராமில் “இவருக்கு மட்டும் இப்படி” என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தால், அடியில் இருக்கிற விதியை நாம் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். இதை நான் இப்போதும் நம்புகிறேன்.

அவள் கட்சி வேறு. “உங்க வூட்டு மல்லாட்டையவே எடுத்துக்கோடி. பூ மேல பூக்குது. அப்பறம் விழுது மண்ணுக்குள்ள எறங்கிப் போயி அங்க காய் வைக்குது. இப்டி ஒரு ஏற்பாட்ட எந்த விதிய வச்சிக்கினு நீ முன்னாடியே யோசிச்சிருப்ப? அது இருக்குற எடத்துக்குத் தகுந்தா மாதிரி வளந்துக்கினு போயிருக்கு. புரோகிராமும் அப்டித்தான் வளரணும்.”

“விழுது கீழ போறதே புவியீர்ப்பாலதான்” என்றேன் நான், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே.

“சரி, உன் புவியீர்ப்ப வச்சிக்கினு ஒரு மல்லாட்ட செஞ்சி குடு, பாக்கலாம்” என்றாள்.

பிறந்ததிலிருந்து மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவள் நான். லாரி ஷெட் வீட்டிலிருந்து வந்தவள் எனக்கு மல்லாட்டைப் பாடம் நடத்துகிறாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்து மண்டபம் வந்தது. மண்டபத்தின் முதலாளி பெரிய விவசாயி, மண்டியும் வைத்திருந்தார். ஊரில் கம்ப்யூட்டர் வைத்த முதல் கல்யாண மண்டபம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. சென்டருக்கு வந்து உட்கார்ந்து, “எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாம்மா. ஒரு தேதிய ரெண்டு பேருக்குக் குடுத்துடக் கூடாது” என்றார்.

நான் முந்திக்கொண்டேன். இது எனக்கென்றே வந்த வேலை. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பொருள்கள் இருக்க முடியாது, இதைவிடத் தெளிவான விதி உலகத்தில் உண்டா? பூமி ஒரு சுற்று சுற்றினால் ஒரு நாள். நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. ஒரு நாளுக்கு ஒரு குடும்பம், முடிந்தது கதை. எழுதி முடித்தபோது அந்தப் புரோகிராம் எனக்கே கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வேறொரு ரைஸ் மில் கணக்கில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்தாள்.

“நல்லா இருக்குடி.”

தை மாதம் வரைக்கும் அது ஒழுங்காக ஓடியது. தை பிறந்ததும் இந்துக் கல்யாணங்கள் வரிசை கட்டின. தவக்காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கத்தோலிக்கக் கல்யாணங்களும் சேர்ந்துகொண்டன. ஒருநாள் மத்தியானம் மூன்று மணி வாக்கில் முதலாளி போன் செய்தார்.

“பாப்பா, ரெண்டு பேரும் ஜல்தி கெளம்பி வாங்க. ரெண்டு வூட்டு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. பெரிய பேஜாரா பூடுச்சி.”

பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. ஒரு பக்கம் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறு பக்கம் மாதா கோயிலில் காலையில் மாலை மாற்றிய மாப்பிள்ளையும் பெண்ணும் சாயங்கால ரிசப்ஷனுக்காகக் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் நிலைமை இன்னும் மோசம். சாம்பாருக்கு அடுப்பு மூட்டிவிட்ட சைவச் சமையல்காரருக்கு ஒரு கை தூரத்தில் இன்னொரு கோஷ்டி ஆட்டுக்கறியை இறக்கி வைத்திருந்தது. இரண்டு தலைமைச் சமையல்காரர்களும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியது எதுவும் எழுதுகிற மாதிரி இல்லை.

நான் நேராக ஆபீஸ் அறைக்கு ஓடி மெஷினைப் போட்டேன். இருபதாம் தேதி ஒரு குடும்பம். இருபத்தொன்றாம் தேதி ஒரு குடும்பம். ஸ்கிரீனில் ஒரு பிழையும் இல்லை. விதி மீறப்படவே இல்லை. வெளியே இரண்டு குடும்பம் அடித்துக்கொள்ளத் தயாராக நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குத் தெரிகிற விஷயம்தான். இந்துக் குடும்பம் “இருபத்தொண்ணு கல்யாணம்” என்று சொன்னால் மண்டபம் இருபதாம் தேதி மத்தியானமே அவர்கள் கைக்கு வந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம், மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். கத்தோலிக்கக் குடும்பம் “இருபது” என்றால் காலையில் கோயிலில் கல்யாணம், மண்டபம் வேண்டியது இருபதாம் தேதி சாயங்காலத்துக்கு. நானே எத்தனை கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் போய் ஜமக்காளத்தில் உருண்டிருக்கிறேன்! ஆனால் புரோகிராம் எழுத உட்கார்ந்தபோது எனக்குப் பூமி சுற்றுவது மட்டும்தான் ஞாபகம் வந்தது. முதலாளியும் முன்பெல்லாம் இதைத் தலையிலேயே வைத்து ஓட்டியவர், மெஷின் காலி என்று காட்டியதும் யோசிக்காமல் கொடுத்துவிட்டார்.

நான் அறைக்குள் ஸ்கிரீனை முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கறிக் கோஷ்டியைக் கொல்லைப்புறத்துத் தென்னைகளுக்கு அடியில் அனுப்பினாள். இட்லிக் குண்டான்களைத் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து, யார் எப்போது மேடை ஏற வேண்டும், யார் எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். ஆறு மணிக்கு மாதா கோயில் ஜோடி மேடையில், வாழை மரத்து உறவினர்கள் பந்தியில் டிபன். எட்டு மணிக்கு அவர்கள் இறங்கி வந்து பிரியாணி சாப்பிட, இவர்கள் மேடை ஏறினார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்றும் கேள்வி. ஆனால் இரண்டு கல்யாணமும் நடந்தன. ஒரே இடத்தில், ஒரே சாயங்காலத்தில்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மண்டபத்துக்கு நாளுன்னு ஒண்ணே கெடயாதுடி. சமையக்காரன் எப்ப உள்ள வர்றானோ அப்ப மொட்டு வுடுது. அப்பறம் பூக்குது. கடைசி குண்டானக் கழுவி வெளிய தூக்கிக்கினு போறப்ப காம்பு அறுந்து உதுருது. எல மஞ்சளானா தானா வுழுதுன்னு நெனச்சிக்கினு இருக்கோம்ல? இல்ல. செடியே காம்புல ஒரு தடுப்பு கட்டி அறுத்து வுடுது. ஒவ்வொரு கல்யாணமும் தன் காம்பத் தானே வச்சிக்கட்டும். தேதி எதுக்கு?”

சொல்லிக்கொண்டே தட்டினாள். என் புரோகிராமின் நடுவிலேயே மூன்று துண்டுகளைச் செருகினாள், மொட்டு, பூ, காம்பு என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தாள். மேடை தனி, பந்தி தனி, அடுப்பு தனி என்று பிரித்தாள். ஒரு பெட்டியாக நான் பார்த்த மண்டபம் அவள் கையில் மூன்று பாத்திகளாக மாறியது. இந்து, கிறிஸ்தவர் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. யாருக்கும் சலுகை இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி. நான் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்த அதே விதி, என் கண்ணெதிரே, இலை ஒட்டிப் படித்தவள் கையிலிருந்து வருகிறது.

எனக்கு அழுகை முட்டியது. பிழை செய்தேன் என்பதற்காக இல்லை, பிழையை எல்லாரும்தான் செய்கிறார்கள். இது எனக்குத் தோணலையே என்பதற்காக. நான் அவள் வாயிலிருந்து கேட்க ஏங்கிய அந்த வாக்கியம் என் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, “நல்லா இருக்குடி” என்றேன்.

முதலாளி சென்டருக்கு ஒரு பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்து எங்கள் சென்டர்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சென்டர்காரரும் எல்லாம் தன் யோசனை என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கே ஆத்திரம் வந்தது. என் பொறாமை என் சொந்தச் சொத்து, அதற்கு உரிய ஆளின் பேரை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போக நான் எப்படி விடுவேன்? “நீ போயி சொல்லுடி” என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன்.

“வுடுடி. வெத எங்க போயி மொளச்சிதுன்னு செடி பின்னாடியேவா ஓடிக்கினு இருக்குது?” என்று ஜிலேபி எடுத்துக் கடித்தாள்.

இரண்டு வருடத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அதே மண்டபத்தில், சாயங்கால ரிசப்ஷன். மாப்பிள்ளைக்கு ஆரோவில்லில் வேலை, குயிலாப்பாளையத்தில் வீடு. கொஞ்ச நாளில் அவள் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டாள். செடி வளர்த்து விற்கிற நர்சரி வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கும் பொறாமைப்பட்டேன். என்னால் விட முடியாத ஒன்றை அவள் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அதையே பிடித்துக்கொண்டு வளர்ந்தேன். சென்டர் மூடப்பட்டதும் சொந்தமாக ஆரம்பித்தேன். திண்டிவனம், விழுப்புரம் சுற்று வட்டாரத்தில் பல மண்டபங்களுக்கு என் புரோகிராம்தான். ஒரு விஷயம் மட்டும் என் இயற்பியலுக்கு அடங்கவில்லை. புரோகிராமில் துருப்பிடிக்க இரும்பு இல்லை, கரையான் அரிக்க மரம் இல்லை. தொடாமல் வைத்தால் அப்படியேதான் இருக்க வேண்டும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எங்காவது இற்று விழும். பிரிண்டர் மாறும், வரி மாறும், டிபன் மெனுவில் திடீரென்று சாட் கடை வந்து நிற்கும். செடி கெடவில்லை, மண் மாறிவிட்டது என்று அவள் சொல்லியிருப்பாள். அவள் இல்லாதபோதும் என் தலைக்குள் உட்கார்ந்து பேசுவாள். அதற்காகவும் அவள் மேல் எரிச்சல் வரும். முழுப் புரோகிராமையும் அடியோடு மூன்று தடவை மாற்றி எழுதினேன், மொழியே மாறியது. மொட்டு, பூ, காம்பு மட்டும் அப்படியே இருந்தது. அதைவிட நல்ல வழி எனக்குக் கடைசிவரை தோன்றவில்லை. பெயரை மாற்றக் கைவைத்த போதெல்லாம் கை வரவில்லை.

2012இல் ஒருநாள் திண்டிவனத்து மண்டபத்தில் புது வெர்ஷனைப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மகன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறார். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. அவள் தன் தம்பியோடு உள்ளே வந்தாள். தம்பிக்குக் கல்யாணம், மண்டபம் பேச வந்திருக்கிறார்கள். நகக்கண்ணில் மண், கண்ணுக்குக் கீழே ஒரு கருவளையம் கிடையாது. நான் தலைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்து வருடங்கள் ஆகியிருந்தன.

“ஏய், நீயா!” என்று வந்து கட்டிக்கொண்டாள். தேதியைச் சொன்னாள். நானே தட்டினேன். ஸ்கிரீனில் வண்ணப் பட்டைகளாக விரிந்தது. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு இன்னொரு வீட்டின் மொட்டு, அடுப்பு அவர்கள் கையில். ஆனால் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை மேடை காலி. எட்டரைக்குப் பந்தி காலி. கொல்லைப்புற அடுப்பு காலி. மெஷினே கேட்டது, இந்த இடைவெளி போதுமா என்று.

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“மேட தனியா, பந்தி தனியா... கொல்லையில அடுப்பு வேறயா? ஒரே சாயந்தரத்துல ரெண்டு வூட்டு கல்யாணம்! எப்டிடி யோசிச்ச? எனக்கு இது தோணவே தோணாதுடி. சத்தியமா சொல்றேன், பொறாமயா இருக்குது உன்னப் பாத்தா.”

இருபது வருடமாக நான் காத்துக்கொண்டிருந்த வாக்கியம். சாட்சிக்கு அவள் தம்பியும் மண்டபக்காரர் மகனும் நிற்கிறார்கள். அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அது எனக்கு இனிக்கவில்லை. திருட்டு மாங்காய்கூட இதைவிட நன்றாக இருக்கும்.

“லூசு, நீ எழுதினதுடி இது” என்றேன். “அந்த ரெண்டு கல்யாணம் மோதிக்கிச்சே, மறுநாள் நீ உக்காந்து எழுதினியே.”

“அந்த நாள மறப்பனா? குண்டான் தூக்கி இடுப்பே வுட்டுப் போச்சி எனக்கு” என்று அவள் தம்பியிடம் திரும்பினாள். “நா பாத்திரம் தூக்கிக்கினு கெடந்தேன், இவ ரூமுக்குள்ள உக்காந்து கம்ப்யூட்டர சரி பண்ணிட்டா. அப்பவே அவ்ளோ மூள இவளுக்கு.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. புரோகிராமின் உள்பக்கத்தைத் திறந்து, அந்த மூன்று பெயர்களும் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். “இது யாரு வச்ச பேரு? இப்பச் சொல்லு.”

அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மொட்டு. பூ. காம்பு. அவள் முகம் மலர்ந்தது. என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“அடிப்பாவி, செடி பேரா வச்சிருக்க! என்னைய நெனச்சிக்கினா வச்ச?”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மண்டபக்காரர் மகனும் தம்பியும் என்னைப் பார்த்தார்கள். இந்த ஜென்மத்தில் இவளை நான் ஜெயிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துபோனது.

“ஆமாண்டி” என்றேன். “உன்ன நெனச்சிக்கினுதான் வச்சேன்.”